வரி தவறிய காணியும் ஊராரின் உரிமையும்

வீடு பூட்டிக் கிடக்கிறது. உடையவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வரிப் பாக்கியோ ஆண்டுதோறும் ஏறுகிறது. ஊருக்கு வருவாய் இல்லை, இடமும் பாழாகிறது. இத்தகைய சொத்தை ஊரார் எடுத்துக்கொள்ளலாமா? திருப்பதியில் 1886ஆம் ஆண்டிலும் சித்தூரில் 1917ஆம் ஆண்டிலும் நகரசபைகள் தோன்றின. இக்கேள்வியோ அவற்றினும் மிகப் பழையது.

அவ்விரு ஊர்களையும் உள்ளடக்கியிருந்தது பழைய தொண்டை மண்டலம். அதே மண்டலத்தில், செய்யாற்றுக்கு அருகே உள்ளது உக்கல். அவ்வூர்த் திருமால் கோயிலில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது ஏறத்தாழ 1009ஆம் ஆண்டு. சோழ, தொண்டை, பாண்டி மண்டலங்களில் அந்தணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் காணி உடையார் சிலர் மற்றவரோடு சேர்ந்து வரி செலுத்தாது நின்றனர். ஒருவர் தவறினால் சுமை அயலார் மேல் விழுவது இயல்பன்றோ? இரண்டாண்டு முழுதும் தவறியவரை விலக்கி, அவருடைய காணியை அவ்வூராரே பற்றி விற்கலாம் என்று அரசன் ஆணையிட்டான். தவறியவருக்குத் தவணை கிடைத்தது. விற்கும் உரிமை ஊராரிடம் நின்றது.

எண்ணூறு ஆண்டுகள் சென்றன. 1801இல் கருநாடக நாடு கும்பினியார் கைக்கு வந்தது. சித்தூர்ப் பாளையக்காரர் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் உயர்த்தப்பட்டது. அவர்கள் மறுத்தனர், பாக்கி சேர்ந்தது. 1804ஐ ஒட்டிப் படை வந்தது. பாளையங்கள் பல பறிமுதலாயின. சில மட்டுமே பின்னர்ப் பழைய குடும்பங்களிடம் மீண்டன. இங்கும் காரணம் பாக்கியே. ஆயினும் ஊராரை எவரும் கேட்கவில்லை. தீர்ப்பைத் துப்பாக்கி எழுதியது.

பிறகு 1864இல் சென்னை மாகாணத்தில் வருவாய் வசூல் சட்டம் வந்தது. முதலில் அறிவிப்பு, அடுத்து ஜப்தி, முடிவில் பொது ஏலம் என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. கேட்பார் இல்லாத நிலத்தை அரசாங்கமே ஏலத்தில் எடுத்தது. தவறியவருக்கு இதனால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால், உக்கல் ஊராருக்கு இருந்த உரிமை கலெக்டர் கச்சேரிக்குப் போயிற்று.

பாழிடத்தைப் பறிப்பதால் மட்டும் ஊர் செழித்துவிடாது. தவறியவருக்குத் தவணையும் அறிவிப்பும் வேண்டும்; எடுத்த நிலம் அயலாரின் சுமையைக் குறைக்க வேண்டும். இவ்விரண்டும் கூடினால்தான், பூட்டிய வீட்டைத் திறக்கும் அதிகாரம் நியாயமாகும். தவணையையும் ஊராரின் உரிமையையும் உக்கல் கல் ஒருசேரச் சொல்லி ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.