கங்காருவும் வாலபியும்: பாதுகாப்பு நிலை, வணிகச் சட்டங்கள்

கங்காரு, வாலபி இரண்டும் மேக்ரோபோடிடே குடும்பத்தைச் சேர்ந்த பைப்பாலூட்டிகள். ஆஸ்திரேலியாவும் நியூகினியும் இவற்றின் தாயகம். உருவில் பெரியவற்றைக் கங்காரு என்றும் சிறியவற்றை வாலபி என்றும் அழைப்பது வழக்கமே தவிர, கறாரான அறிவியல் பிரிவு அல்ல. சிவப்புக் கங்காரு, இருவகைச் சாம்பல் கங்காருகள் ஆகியவற்றைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ‘தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்’ என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இதே குடும்பத்தில் அடியோடு அற்றுப்போன இனங்களும் உண்டு. அதனால் ‘கங்காரு அழிகிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கங்காரு என்று கேட்க வேண்டும்.

உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையும் இனம் பிரித்தே பார்க்கிறது. செம்முயல் வாலபி, வரி முயல் வாலபி, கடிவாள நக வால் வாலபி ஆகியவை முதல் பின்னிணைப்பில் இருக்கின்றன. இவற்றை வணிக நோக்கில் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. நியூகினியின் மரக்கங்காருகளில் இரண்டு இனங்கள் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. கடிவாள நக வால் வாலபி அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். 1973-இல் குயின்ஸ்லாந்தின் டிங்கோ என்ற ஊரருகே வேலி போடும் ஒப்பந்தக்காரர் ஒருவர், வார இதழில் வந்த கட்டுரையைப் பார்த்துவிட்டு, ‘இந்த விலங்கை நான் இங்கே பார்க்கிறேனே’ என்று தகவல் சொன்னார். அதன் பிறகுதான் அது உயிரோடிருப்பது உலகுக்குத் தெரிந்தது.

நாம் படத்தில் பார்த்துப் பழகிய பெரிய கங்காருகள் எதுவும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலியாவில் அவற்றை உரிமம் பெற்றுச் சுட்டு, இறைச்சியையும் தோலையும் விற்கிறார்கள். மாநிலந்தோறும் கணக்கெடுத்து, அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை ஆண்டு ஒதுக்கீடு தருகிறார்கள். அது முழுதாகப் பயன்படுத்தப்படுவது அரிது. தலையில் ஒரே குண்டில் சுட வேண்டும், சுடப்பட்ட தாயின் பைக்குள் குட்டி இருந்தால் அதையும் உடனே கொன்றுவிட வேண்டும் என்று நடத்தை விதி சொல்கிறது. எதிர்ப்பு அதிகம் கிளம்புவது இந்த இரண்டாவது வரியால்தான். அமெரிக்கா 1974-இல் மூன்று பெரிய இனங்களைத் தன் அருகிய இனப் பட்டியலில் சேர்த்து, 1995-இல் எடுத்துவிட்டது. கலிபோர்னியாவில் 2016 முதல் கங்காருப் பொருள் விற்பனைக்கு மீண்டும் தடை. கால்பந்துக் காலணிக்கு இந்தத் தோலை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று நைக்கியும் பூமாவும் 2023-இல் அறிவித்தன.

உயிருள்ள கங்காரு விஷயம் வேறு. 1999-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியச் சுற்றுச்சூழல் சட்டப்படி நாட்டுக்குரிய பாலூட்டிகளை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் பிற நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்தவற்றை அந்தச் சட்டம் எட்டாது.

இந்தியாவில் இந்த ஓட்டை 2022-இல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில், கஜல்டோபா சாலையோரம் உள்ளிட்ட இடங்களில் மூன்று கங்காருகள் காயங்களோடு கிடந்தன. வனத்துறையினர் மீட்டுச் சிலிகுரியின் பெங்கால் சஃபாரி பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் அப்போது இந்திய உயிரினங்களையே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2022 டிசம்பரில் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் நான்காம் அட்டவணையில் சைட்டிஸ் இனங்களைச் சேர்த்தது. அவற்றை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. சிக்கல் என்னவென்றால், சைட்டிஸ் பட்டியலில் இல்லாத சிவப்புக் கங்காருவை இந்த அட்டவணையும் தொடவில்லை. அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருபவரைப் பிடிக்க 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும், இறக்குமதி உரிமம், கால்நடை நோய்த்தடுப்பு விதிகளும்தான் கைகொடுக்கின்றன. எல்லை தாண்டி உள்ளே வந்துவிட்ட விலங்கின் பூர்வீகத்தை நிரூபிப்பது எளிதல்ல.

எண்ணிக்கை மிகுதி என்பதால் பாதுகாப்பு குறைந்தாக வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் அதற்குச் சான்று உண்டு. பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் ஜரிகையில் ஏறும் மயில், முருகனின் வாகனம், பெரிய கங்காருகளைப் போலவே கவலை குறைந்த இனம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து வயல்களில் நெல்லைக் கொத்துகிறது என்று உழவர்கள் திட்டுமளவுக்குப் பெருகியும் இருக்கிறது. ஆனாலும் 1963 முதல் தேசியப் பறவையான அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறை. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கலாம், ஏற்றுமதி செய்யக் கூடாது. கங்காருவும் ஆஸ்திரேலிய அரசுச் சின்னத்தில் நிற்கும் விலங்குதான். அங்கே அதன் இறைச்சி கடையில் கிடைக்கிறது. ஒன்றுபோல் பெருகிய இரண்டு உயிர்களை இரு நாடுகள் எதிரெதிராக நடத்துவதற்கு எண்ணிக்கை காரணமல்ல. மரபும் மனநிலையுமே காரணம் என்று கொள்ளலாம்.

மயிலை விட்டுக் கடத்தலுக்குத் திரும்புவோம். சென்னை, பெங்களூரு விமான நிலையங்கள் இரண்டிலும் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் விலங்குகள் அடிக்கடி சிக்குகின்றன. சென்னையில் 2019-இல் சிறுத்தைக் குட்டி பிடிபட்டு வண்டலூர்ப் பூங்காவுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் டி பிராசா குரங்கும் மலைப்பாம்புகளும் ராட்சத ஆமைகளும் வந்தன. பொதுவாக இவற்றைப் புறப்பட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். செலவு கொண்டுவந்தவர் தலையில். 2023 ஆகஸ்டில் பெங்களூருவில் பிடிபட்ட 234 உயிரினங்களுக்கு நடுவே கங்காருக் குட்டி ஒன்றும் இருந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். சுங்க அதிகாரிகள் திறந்தபோது அது மூச்சுத்திணறிச் செத்துக் கிடந்தது.