விரலும் பலூனும்

தொடையில் ஒரு துளை போட்டு இதய வால்வை விரித்துவிடுவதைப் பற்றிக் கள்ளக்குறிச்சி டீக்கடையில்கூட இன்று பேசுகிறார்கள். நான் கல்வராயன் மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது, அதே வால்வை விரலால் திறந்த காலத்து ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கரியாலூர்ப் பக்கம் ஒரு பாட்டிக்கு இடது மார்புக்குக் கீழிருந்து முதுகுவரை தழும்பு. "வேலூர்ல வெட்டுனது நர்சம்மா. அதுக்கப்புறந்தான் கடுக்கா மூட்டையே தூக்குனேன்" என்பார்.

இந்த வால்வு நோய் வரும் வழி இதுதான்: சிறுவயதில் தொண்டைப்புண், பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும். சில ஆண்டுகளில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மிட்ரல் வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொண்டு வழி சுருங்கும். படுத்தால் மூச்சு இரைக்கும். பல பெண்களுக்குப் பிள்ளை உண்டானபோதுதான் நோயே தெரியவரும்.

1925இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஹென்றி சௌட்டர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் இடது மேலறைக்குள் விரலை விட்டு வால்வைத் திறந்தார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனாலும் அடுத்த நோயாளியை அவரிடம் யாரும் அனுப்பவில்லை! 1948இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும் அதை மீட்டார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்த விரல்முறைக்கு இதயத்தை நிறுத்த வேண்டாம், விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம், வால்வைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. விரல் நுனியின் உணர்வுதான் எல்லாம். பின்னால் விரலோடு விரிப்பான் கருவியும் சேர்ந்தது. 1983இல் அங்கிருந்த ஸ்டான்லி ஜான் குழுவினர் வெளியிட்ட கணக்கில், இப்படி வால்வு திறக்கப்பட்டவர்கள் 3,724 பேர். வெட்டு பெரிதுதான். ஆனால் ஏழை நாட்டுக்கு ஏற்ற வைத்தியம் அது என்பேன்.

ஜப்பானியர் கான்ஜி இனோவேயின் பலூன் 1984இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே போய், மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, வால்வுக்குள் ஊதி விரிக்கும். மறு ஆண்டே அமெரிக்கரான லாக், டெல்லி மருத்துவர் கலீலுல்லா முதலானோருடன் சேர்ந்து, வேறொரு பலூனால் இளம் நோயாளிகளுக்குச் செய்ததை எழுதினார். 1990களில் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தின் ஒப்பீட்டில் பலூன் விரல்முறைக்குச் சளைக்கவில்லை. விரல் மெல்ல ஓய்ந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் சிறுவங்கூரில் வந்தது. ஆனால் இந்த நோயை முற்றவிடாமல் தடுக்கும் பென்சிலின் ஊசி அதற்கு வெகு முன்பே உண்டு. வெட்டு சுருங்கிய கதையைப் பேசுபவர்கள் அந்த ஊசியைப் பேசுவதில்லை என்பது என் குறை. தொண்டைவலிக்குப் பின் பிள்ளையின் மூட்டு மாறி மாறி வீங்கினால், சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று டாக்டர் எழுதினால், அவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.