புல்கார் எழுதிய ஒரு வாக்கியம்: கர்தினால் தொர்க்கெமாதாவின் யூத முன்னோர் பற்றி

கர்தினால் ஹுவான் தெ தொர்க்கெமாதாவின் (1388–1468) முன்னோர் யூதராயிருந்து கிறித்தவம் தழுவியவர்கள் என்னும் செய்தி, பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியத்தை நம்பி நிற்கிறது. கஸ்தீலிய அரசவையின் வரலாற்றாசிரியர் எர்னாந்தோ தெல் புல்கார் 1486இல் தொலேதோவில் அச்சிட்ட ‘கிளாரோஸ் வரோனெஸ் தெ கஸ்தீய்யா’ என்ற நூலில் அது வருகிறது. அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது. கர்தினால் புர்கோஸ் நகரில் பிறந்தவர், அவருடைய பாட்டன் பாட்டியர் மதம் மாறிய யூதர் குலத்தவர் என்று அறிமுகத்திலேயே சொல்லிவிட்டு, புல்கார் அவருடைய கல்விக்கும் குணத்துக்கும் போய்விடுகிறார்.

இந்த வாக்கியத்தைத் தள்ளிவிடும் ஆய்வு மரபு ஒன்று நெடுங்காலமாக உண்டு. புல்கார் தாமே கன்வெர்சோ, அதாவது மதம் மாறிய யூதர் வழிவந்தவர். சமய விசாரணை மன்றத்தின் கொடுமையை வெறுத்தவர். ஆகவே அதன் தலைமை விசாரணையாளர் தொமாஸ் தெ தொர்க்கெமாதாவை அவமதிக்க, அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான கர்தினாலுக்கு யூதக் குருதியை ஏற்றிவிட்டார் என்பது அம்மரபின் சாரம். கர்தினால் பிறந்தது வயதொலித்தில்; புல்காரோ புர்கோஸ் என்கிறார்; பிறந்த ஊரையே தவறாகச் சொன்னவர் குலத்தை மட்டும் சரியாகச் சொல்லியிருப்பாரா என்றும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காலக் கணக்கு வைக்கப்படுகிறது. கஸ்தீலிய யூதர்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறியது 1391 கலவரங்களில். 1388இல் பிறந்த ஒருவரின் பாட்டன் பாட்டியர் அதற்கு முன்பே எப்படி மதம் மாறியிருக்க முடியும் என்பது அந்தக் கணக்கு.

வாக்கியத்தை நூலிலிருந்து பிய்த்தெடுத்துப் படிப்பதால் வரும் சிக்கல் இது. தாம் வரைந்த பெரியோர் ஒவ்வொருவரையும் புல்கார் ஊரும் குலமும் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார். பிரபுக்களுக்கு அவர்களுடைய பழங்குடிப் பெருமை. ‘எல் தொஸ்தாதோ’ என்று பெயர் பெற்ற ஆவிலா ஆயர் அலோன்சோ தெ மத்ரிகாலுக்கு உழவர் குலம். கோரியா ஆயர் பிரான்சிஸ்கோ தெ தொலேதோவைப் பற்றிச் சொல்லும்போது, கர்தினாலுக்குச் சொன்ன அதே செய்தியை, ஏறக்குறைய அதே சொற்களில் சொல்கிறார். பிரான்சிஸ்கோ கன்வெர்சோ என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. புர்கோஸ் ஆயர் அலோன்சோ தெ கர்த்தஹேனாவை அவர் பாவ்லோ தெ சாந்தா மரியாவின் மகனாக அறிமுகப்படுத்துகிறார். அந்தப் பாவ்லோ, சாலமோன் ஹலேவி என்ற ரபியாக இருந்தவர். வேறு சான்றுகளோடு ஒத்துப் பார்க்க வழியுள்ள இடங்களில் புல்கார் குலத்தைத் தவறாகச் சொல்லவில்லை. அப்படியிருக்க, ஒத்துப் பார்க்க முடியாத ஓரிடத்தில் மட்டும் அவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டுமானால் அதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். பழிவாங்கும் நோக்கம் என்று காட்டப்படும் காரணம் போதாது.

ஏன் போதாது என்பதற்கு நூல் வெளியான ஆண்டே விடை. 1486இல் தொமாஸ் உயிரோடு மட்டுமல்ல, உச்சத்திலும் இருந்தார். 1483 முதல் தலைமை விசாரணையாளர், அரசியின் நம்பிக்கைக்குரியவர். விசாரணை மன்றம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொலேதோவில் குடியேறியிருந்தது. நூல் அச்சான அதே 1486இல் அந்நகரத்துக் கன்வெர்சோக்கள் நூற்றுக்கணக்கில் மெழுகுவத்தி ஏந்தித் தெருவில் நடத்தப்பட்டனர். செவில்லாவில் விசாரணை மன்றம் கன்வெர்சோக்களை எரித்ததைப் பற்றிக் கர்தினால் மெந்தோசாவுக்கு எழுதிய கடிதத்துக்காக ஏற்கெனவே பெயர் தெரியாத ஒருவரின் தாக்குதலுக்கு ஆளானவர் புல்கார். அப்படிப்பட்டவர், அந்த ஊரில், அந்த ஆண்டில், அரசியின் கையில் போய்ச் சேரும் நூலில், நாட்டின் மிக அச்சத்துக்குரிய மனிதரின் குடும்பத்தைப் பற்றி எளிதில் மறுக்கக்கூடிய ஒரு பொய்யை அச்சேற்றினார் என்று நம்புவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். உண்மையும் குத்தும், புல்காருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? நோக்கத்தில் குத்தல் இருந்தது என்று ஒப்புக்கொண்டாலும் செய்தி பொய்யாகிவிடாது. நூல் முடக்கப்படவுமில்லை, 1500இல் செவில்லாவில் மறுபடியும் அச்சானது.

அடுத்தது காலக் கணக்கு. மறுப்பாளர்களின் வலுவான வாதம் இதுவே என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில் மிகவும் பலவீனமானதும் இதுதான். 1391ஐக் கன்வெர்சோ வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வது பெருந்தொகையைப் பொறுத்தவரை சரி. ஆனால் கேள்வி பெருந்தொகையைப் பற்றியது அல்ல, ஒரு குடும்பத்தைப் பற்றியது. புர்கோஸில் மருத்துவராயிருந்த அப்னெர் என்ற யூத அறிஞர் 1320ஐ ஒட்டி மதம் மாறினார். அல்போன்சோ என்று பெயர் சூடி வயதொலித் பெருங்கோயிலில் பணியாளரானார். அவருடைய தூண்டுதலால் 1336இல் பதினோராம் அல்போன்சோ மன்னர் யூத வழிபாட்டு மன்றாட்டு ஒன்றைத் தடை செய்தார். 1375இல் ஆவிலாவில் யூத அறிஞர் மோசே ஹகோஹேனோடு சமய வாதம் நடத்திய ஹுவான் தெ வயதொலித்தும் மதம் மாறியவரே. இடையில் 1366 முதல் 1369 வரை நடந்த அரசுரிமைப் போர் கஸ்தீலிய யூதக் குடியிருப்புகளைச் சூறையாடிற்று. உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சி ஞானஸ்நானம் பெறுவதற்கான காரணம் 1391க்கு முன்பே இருந்தது. அதுவும் கர்தினாலோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் அதே இரண்டு நகரங்களில்தான் இந்தத் தொடக்க கால மதமாற்றங்களின் தடம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பாட்டன் பாட்டியர் தாமே மதம் மாறியவர்கள் என்று புல்கார் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மதம் மாறியவர்களின் குலத்தவர் என்றுதான் சொல்கிறார். மதமாற்றம் அதற்கும் ஒரு தலைமுறை முன்பு நடந்திருந்தாலும் அவர் வாக்கியத்துக்கு இழுக்கில்லை.

புர்கோஸா வயதொலித்தா என்ற பூசலுக்கு நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. குடும்பப் பெயருக்குரிய தொர்க்கெமாதா ஊர் பிசுவேர்கா ஆற்றங்கரையில், புர்கோஸிலிருந்து வயதொலித்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை பாசல், புளோரன்ஸ் பொதுச்சங்கங்களிலும் ரோமாபுரியிலும் கழித்த ஒருவரின் பிறந்த ஊரை, அவர் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் மாற்றிச் சொன்னது பிழைதான். ஊர் நினைவில் நழுவும். குலம் அப்படி நழுவுவதில்லை, அதுவும் பதினைந்தாம் நூற்றாண்டுக் கஸ்தீலியாவில்.

புல்காரின் வாக்கியத்துக்கு எதிராக நிறுத்தப்படும் குடிவழிப் பட்டியல்கள் அவருக்குப் பிற்பட்டவை. பதினோராம் அல்போன்சோவின் கையால் வீரப் பட்டம் பெற்ற ஒரு மூதாதையைக் கர்தினாலின் தந்தை வழியில் அவை காட்டுகின்றன. அப்பட்டியல்கள் எழுதப்பட்ட காலத்தில், யூத வழியினரை விலக்கும் குருதித் தூய்மை விதிகள் துறவு மடங்களிலும் பேராலயங்களிலும் நுழைந்துவிட்டன. தொலேதோ பேராலயம் 1547இல் அத்தகைய விதியை ஏற்றது. கர்தினால் சேர்ந்திருந்த துறவு சபை தன் பெருமைக்குரிய அவருடைய குலத்தைத் துலக்கி வைக்க விரும்பியதில் வியப்பில்லை. அந்த வீரரை அப்படியே ஏற்றுக்கொண்டாலும்கூட அவர் தந்தை வழி மூதாதை ஒருவர் மட்டுமே. மற்றக் கிளைகளில் யூதர் இருந்தனரா என்பதற்கு அவர் விடையாக மாட்டார்.

கர்தினாலின் சொந்த எழுத்து உதவுமா? 1449இல் தொலேதோவில் பேரோ சர்மியெந்தோவின் கலகக்காரர்கள் கன்வெர்சோக்களைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கும் விதியை இயற்றினார்கள். அதே ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதைக் கண்டித்து ஆணை மடல் விடுத்தார். அடுத்த ஆண்டு தொர்க்கெமாதா மிதியானியருக்கும் இஸ்மயேலருக்கும் எதிரானது என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதி, யூதக் குலம் முழுவதையும் பழிப்பவர்கள் கிறிஸ்துவும் மரியாவும் திருத்தூதரும் பிறந்த குலத்தையே பழிக்கிறார்கள் என்று வாதிட்டார். அதில் தன்னை யூத வழியினருள் ஒருவராகச் சொல்லவில்லையே என்று மறுப்பாளர்கள் சுட்டுகிறார்கள். அந்த நூலின் சூடே அவர் குருதியைக் காட்டுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. இறையியலாளர் ஒருவர் சட்டமும் வேதமும் காட்டி வாதிடும்போது தன் பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. கன்வெர்சோக்களுக்காகப் பேசியவரெல்லாம் கன்வெர்சோ என்றால் நிக்கோலாஸையும் அந்தப் பட்டியலில் சேர்க்க நேரும். நூல் இந்தக் கேள்விக்குச் சான்றே அல்ல.

கர்தினால் இளமையில் வயதொலித் சான் பாப்லோ மடத்தில் சேர்ந்தபோது குல விசாரணை எதுவும் நடக்கவில்லை என்பதையும் தூய்மைக்குச் சான்றாக்குவோர் உண்டு. அப்போது அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை. கேட்கத் தொடங்கிய பிறகு என்ன நடந்தது என்பதற்குத் தமிழ் அச்சு வரலாறு படித்தவர்களுக்கு வேறு சான்று வேண்டாம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார், யூத வழியினர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதன் பின்னரே இயேசு சபையில் இடம் பெற்று முத்துக்குளித்துறைக்கு வந்தவர். ஐபீரிய நாடுகளில் குலம் ஊரறிந்த செய்தியாகவே வாழ்ந்தது. அக்கம்பக்கத்தார் வாய்மொழியே அதற்கு ஆவணம். புல்கார் எழுதியதும் அந்த வகைச் செய்திதான் என்று கருதுகிறேன். அதன் பலமும் வரம்பும் அதில்தான் இருக்கின்றன.

கர்தினாலைப் பற்றிய சாட்சியை அப்படியே தொமாஸின் மேல் ஏற்றிவிடுவது வேறு. பொதுமக்களுக்கான நூல்களில் ‘யூதரை வேட்டையாடிய யூதர்’ என்று தொமாஸ் எளிதாகக் காட்டப்படுகிறார். கதைக்கு நன்றாயிருக்கிறது, சான்றுக்கு அவ்வளவு நன்றாயில்லை. புல்காரின் வாக்கியம் எந்தப் பாட்டனை, எந்தப் பாட்டியைக் குறிக்கிறது என்று சொல்லவில்லை. கர்தினாலும் தொமாஸின் தந்தையும் ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்திருந்தால் யூத வழி இருவருக்கும் பொது. தாயர் வேறாக இருந்து, யூத வழி கர்தினாலின் தாய் பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் தொமாஸுக்கு அதில் பங்கில்லை. ஆவிலாவில் தாம் எழுப்பிய புனித தோமா மடத்தில் யூத வழியினரைச் சேர்க்கக் கூடாது என்று 1496இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தரிடம் தொமாஸ் ஆணை பெற்றதையும் இரு தரப்பும் இழுக்கின்றன. தன் இனத்துக்கே கதவடைப்பாரா என்கிறது ஒரு தரப்பு. தன் குலத்தை மறைக்கத்தான் அடைத்தார் என்கிறது மற்றது. ஒருவரின் மனத்தை ஊகித்து அவர் பாட்டனைக் கண்டுபிடிக்கும் முறை வரலாற்றில் செல்லாது.

ஆகவே கர்தினாலின் யூத முன்னோரை, மறுப்பதற்குக் காரணம் காட்டப்படும் வரை, நிலைபெற்ற செய்தியாகவே கொள்ளலாம். தொமாஸைப் பற்றி ‘இருக்கக்கூடும்’ என்பதற்கு மேல் எழுத இடமில்லை. இந்த இடைவெளியை அடைக்கக்கூடியவை வயதொலித்தின் பதினான்காம் நூற்றாண்டுச் சீதன, உயில் பத்திரங்கள். தொர்க்கெமாதா வீட்டுக்கு வாழ வந்த பெண்களின் பெயர்கள் அவற்றில்தான் கிடைக்க வேண்டும்.