மும்பை புறநகர் மாவட்டம்: பணிக்குச் செல்வோரின் அன்றாடப் பயணம்

பாந்த்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட மும்பை புறநகர் மாவட்டத்தில் பணிக்குச் செல்வோர் பெரிதும் புறநகர் ரயில்களையே நம்பியுள்ளனர். மேற்கு ரயில்வேயின் தடம் அந்தேரி, போரிவலி வழியாகவும், மத்திய ரயில்வேயின் தடம் குர்லா, காட்கோபர், முலுண்ட் வழியாகவும் செல்கின்றன.

இவ்விரு தடங்களும் வடக்கு-தெற்காக அமைந்தவை. எனவே, காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் கூட்டம் அலைமோதுகிறது. கிழக்கு-மேற்காகச் செல்வோர் நீண்ட காலம் பேருந்து, ஆட்டோக்களையே சார்ந்திருந்தனர். 2014 ஜூன் 8-ஆம் தேதி தொடங்கப்பட்ட வர்சோவா-காட்கோபர் மெட்ரோ, 12 நிலையங்களுடன் இவ்விரு தடங்களையும் இணைத்தது.

நெரிசல் நேரத்தில் கதவோரம் தொங்கிச் செல்லும் பயணிகள் தவறி விழுந்து உயிரிழப்பது நீடித்த துயரமாகும். தானாக மூடும் கதவுகள் கொண்ட குளிர்சாதன புறநகர் ரயில் சேவை 2017 டிசம்பர் 25-ஆம் தேதி தொடங்கியது. எனினும், அதன் கட்டணம் சாதாரண ரயிலைவிட அதிகம்.