டை பாக்கெட்டின் பொடி எழுத்து

முடிச்சாயப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பாருங்கள், இமைக்கும் புருவத்துக்கும் தடவாதீர்கள், பார்வை போகலாம். அப்பா காலத்திலிருந்து கோவில்பட்டியில் சலூன் நடத்துகிறோம். அதை நின்று படித்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

கறுப்பு ஏற்றும் முக்கியச் சரக்கு பாராபினைலின்டையமின், சுருக்கமாக பி.பி.டி. டெவலப்பர் சேர்ந்ததும் முடிக்குள் கறுத்து ஊறிவிடும். தலைக்குக் குளித்தாலும் போகாது. 1880களிலேயே ஐரோப்பாவில் இதைப் பூச ஆரம்பித்தார்கள். தோல் தடித்து நீர் வடிகிற தொல்லையும் கூடவே வந்தது. 1909இல் பாரிஸில் யூஜின் ஷுயெல்லர் தொடங்கிய கம்பெனிக்கு, தீங்கற்ற முடிச்சாயக் கம்பெனி என்றே பெயர். இன்றைய லோரியால் அதுதான். பெயரிலேயே தீங்கில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்றால், ஜனங்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள்!

1933வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்றது. அதிலும் இதே பி.பி.டி. பூசிக்கொண்ட பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணானது. ஒருவருக்குப் பார்வை போனது; இன்னொருவர் இறந்தே போனார். அரசால் அதைத் தடுக்க முடியவில்லை. அப்போது அமலில் இருந்த 1906ஆம் வருஷச் சட்டத்தில் அழகுப்பொருள் என்ற பேச்சே கிடையாது. பார்வை இழந்தவரின் முன்னும் பின்னுமான படங்களைக் கண்காட்சியில் மாட்டி வைக்கத்தான் அதிகாரிகளால் முடிந்தது.

1938இல் புதுச் சட்டம் வந்ததும் முதலில் பறிமுதலானது லாஷ் லூர். ஆனால் தலைச்சாயத்துக்கு மட்டும் ஒரு சலுகை: எச்சரிக்கையையும் சோதனை முறையையும் அச்சடித்துவிட்டால் விற்கலாம். வியாபாரம் ஜெயித்த இடம் அது என்பேன். கிட்டத்தட்ட அதே வாசகம் இந்திய விதிகளிலும் ஏறியது. சோதிக்கும் முறையை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது விதி.

சோதித்துப் பார்க்கச் சொன்னால், "போன தடவை ஒண்ணும் ஆகலையேண்ணே" என்பார்கள் வாடிக்கையாளர்கள். ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பு முதலில் சரக்கை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள், பூசிய மறுநாளோ அடுத்த நாளோ, நெற்றியும் இமையும் வீங்கும். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கிறது, அசல் மருதாணி சிவக்கும், கறுக்காது.

ஞாயிற்றுக்கிழமை டை அடிக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமையே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவிப் பாருங்கள். அரித்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.