கொடுவாக் குஞ்சு விடுதல்

சிறிய பண்ணைக்குட்டைகளில் கொடுவா மீனின் இளங்குஞ்சுகளை விட்டு வளர்க்கும் முறை. கடலில் முட்டையிட்டாலும் கொடுவா உவர்நீரிலும் நன்னீரிலும் வளரும். ஆகவே குள்ளஞ்சாவடி போன்ற கடலூர் மாவட்டத்து ஊர்களின் குட்டைகளுக்கும் இது ஏற்றது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் இம்மீனைக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது. அதன்பின் பொரிப்பகக் குஞ்சுகள் கிடைக்கத் தொடங்கின.

இளங்குஞ்சுகள் தம்மினத்தையே தின்பவை. பெரியது சிறியதை விழுங்கிவிடும். எனவே 2–3 செ.மீ. குஞ்சுகளை நேரடியாகக் குட்டையில் விடாமல், வலைத்தொட்டிலில் வளர்த்து, சில நாள்களுக்கொருமுறை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். 8–10 செ.மீ. வளர்ந்தபின் ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து விடுவதே பிழைப்பு விகிதத்தைக் காக்கும் வழி.

விடுமுன் குட்டையை வற்றவைத்து விரால், கெளுத்தி முதலியவற்றை அகற்றுவர். உவர்நீர்க் குஞ்சுகளை நன்னீருக்குப் படிப்படியாகப் பழக்குதல் இன்றியமையாதது. காலை அல்லது மாலையில், குஞ்சுகள் உள்ள பையைக் குட்டை நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானபின் திறக்க வேண்டும். மிதவைத் தீவனத்துக்குப் பழகாத குஞ்சுகளுக்குத் திலேப்பியாக் குஞ்சுகள் இரையாகும்.