பரியனின் அப்பாவுக்கும் ஓர் அஞ்சலி

2022 டிசம்பர் 29 அன்று கால்பந்து வீரர் பெலே மறைந்தார். கைலாசபுரம் பெல் டவுன்ஷிப்பில் பந்து விளையாடும் நம் பிள்ளைகள் மறுநாளே அவர் படத்தை அச்சடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஐந்து வாரம் கழித்து, 2023 பிப்ரவரி 3 அன்று, நெல்லை தங்கராசு மறைந்தார். அவருக்கு நாம் ஒரு படம்கூட வைக்கவில்லை. கைபேசியில் வந்த செய்தியைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறோம்.

பெலேவுக்கு அஞ்சலி செலுத்தியதில் தவறில்லை. சிறுவயதில் காலணிக்கு மெருகு போட்டுக் காசு சேர்த்த ஒரு கறுப்பினச் சிறுவன், 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடினான் என்பது நமக்கும் பெருமைதான். ஆனால் தங்கராசு யார்?

2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் அப்பாவாக நடித்தவர். பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞராகப் படத்தில் வந்தார். நிஜத்திலும் அவர் கூத்துக் கலைஞர்தான். படத்தில் பரியன், அப்பாவைக் கல்லூரிக்கு அழைத்துப் போகக் கூசி, வேறொருவரை அப்பாவாக நடிக்க வைக்கிறான். பிறகு உண்மையான அப்பா வந்தபோது, மாணவர்கள் அவர் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து நாம் அழுதோம். படம் முடிந்ததும் அவரை மறந்தோம். அவர் வறுமையில் வாடும் செய்தி வெளிவந்த பிறகுதான் அவருக்கு ஒரு நல்ல வீடு கிடைத்தது. பரியன் செய்ததைத்தானே நாமும் செய்தோம்?

தங்கராசு மறைந்த ஏழாம் நாள், பிப்ரவரி 10 அன்று, கூகுள் தன் முகப்பில் பி.கே.ரோசியின் ஓவியத்தை வைத்தது. முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி அவர். தலித் பெண். ஜே.சி.டேனியல் இயக்கிய அந்தப் படத்தில் அவர் நாயர் பெண்ணாக நடித்தார். அது பொறுக்காத சாதியினர் திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். தப்பி ஓடிய ரோசி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். அவர் இறந்தபோது அவரை நடிகை என்று சொல்லி யாரும் அஞ்சலி எழுதவில்லை. இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. தேடியவர்கள் இருந்ததால்தான் அந்தப் பெயர் மீண்டது.

விளையாட்டிலும் இதே கதைதான். பல்வங்கர் பாலூ 1876இல் தார்வாடில் பிறந்த தலித். பூனாவில் வெள்ளையர் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, அவர்களுக்குப் பந்து வீசியே சுழற்பந்து வீச்சாளரானார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பந்தைத் தொட்டால் தீட்டில்லை. தேநீர் மட்டும் தனியே மண் குவளையில் கொடுத்தார்கள். இந்து அணியின் தலைமை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1955இல் மறைந்தார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவரும் இதே பாலூதான். அதற்காக அவரை நம் வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியுமா? அவர் எடுத்த விக்கெட்டையும், அவருக்கு நீட்டிய மண் குவளையையும், அவர் நின்ற அரசியலையும் சேர்த்தே சொல்வோம். பாதியை மறைத்து எழுதும் அஞ்சலியைத்தான் மற்றவர்கள் ஏற்கெனவே நமக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்களே!

தோழர்களே, ஒரு வேலை இருக்கிறது. நம் தெருவில் பறை அடித்தவர், கூத்தில் வேடம் கட்டியவர், கபடியில் ஊர் பெயரை நிறுத்தியவர் யாராவது இன்னும் இருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே போய் உட்காருங்கள். என்ன ஆடினார், என்ன கூலி வாங்கினார், எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14 அன்று கைலாசபுரத்தில் நாம் கூடும்போது, அந்தப் பக்கங்களை அவர் முன்னாலேயே வாசிப்போம்.

ஜெய்பீம்.